ஞாயிறு வரைக்கும் நல்ல வெயில்

நல்ல வெயிலா? நல்ல வெயில்தான், யாரு இல்லேன்னது. நீ இன்னிக்கு ஒரு நாள் வந்து பாத்துட்டுச் சொல்ற கண்ணு. இந்த வாரம் பூரா நீ இங்க இருந்திருக்கணும்.

இல்லம்மா, கடை தொறக்கல. அடுப்பே பத்த வெக்கல. மேல பஸ் நிக்கிற எடத்துல ஒருத்தி சோறு போடுவா, ஆனா ஞாயித்துக்கெழம அவ சர்ச்சுக்குப் போயிருவா. நீ பஸ் வர்ற வரைக்கும் இங்கயே உக்காரு. இது என் கடை பெஞ்சுதான், யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க. இந்தா, பச்சப் பிளம் சாறு. போன வருசம் சக்கரைல ஊறப் போட்டது. குடி. புளிக்குதா? புளிக்கத்தான் செய்யும். உங்க சியோல்ல விக்கிறதெல்லாம் வெறும் சக்கரத்தண்ணி.

வெயிலப் பத்திதானே பேசிட்டு இருந்தோம்? இங்க ஜூன் மாசம் பொறந்தா, மழக்காலம் வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும். குளிராது, புழுங்காது. பூண்டு பிடுங்கி வயல்லயே காயப் போட்டிருப்பாங்க, ஊரே பூண்டு மணக்கும். நீ மூக்க மூடுனத நான் பாத்தேன், பரவால்ல. நானும் இந்த ஊர்க்காரி இல்ல, தேகு நகரத்துலேருந்து வந்தவ. வந்த புதுசுல எனக்குத் தலவலியே வந்துச்சு. இப்ப எதுவும் தெரியறதில்ல.

திங்கக்கெழம மட்டும் பனிமூட்டம். கடல்லேருந்து ஏறி வர்ற பனி. காலைல கதவத் தொறந்தேன், எதிர்ல அந்த வெளக்குக் கம்பம் இருக்கு பாரு, அது தெரியல. நாய் கொரைக்குது, எந்தப் பக்கம் நின்னு கொரைக்குதுன்னு தெரியல. படகு எஞ்சின் சத்தம் கேக்குது, கிட்டக்கவா தூரத்துலயான்னு புடிபடல. சொல்லி வெச்ச மாதிரி பத்து மணி வாக்குல, தூங்குறவன் மேலேருந்து போர்வைய உருவுன மாதிரி சட்டுன்னு போயிருச்சு. போனப்புறம் பாத்தா கடல் பளபளன்னு கெடக்கு. அந்தத் தீவெல்லாம் கழுவி வெச்ச பாத்திரம் மாதிரி வரிசையா நிக்கிது. எனக்குக் கோவமே வந்துச்சு. என்னத்துக்குன்னு கேக்காத.

செவ்வாக்கெழமயும் அப்படித்தான், ஒரு மேகம் கெடையாது. ஆனா ஒண்ணு, இந்த வெயில நம்பி தண்ணில எறங்கிராத. செருப்பக் கழட்டி வேணா பாரு. மண்ணு சுடும், தண்ணி வெரல வெட்டும். தரை சீக்கிரம் சூடாயிரும், கடல் சூடாக ஆகஸ்ட் ஆகும். முங்கி முங்கிக் கிளிஞ்சல் எடுக்குற பொம்பளைங்க இருக்காங்கல்ல, அவங்ககிட்டக் கேட்டேன், இந்தத் தண்ணில எவ்வளவு நேரம் இருக்கலாம்னு. ரப்பர் உடுப்பு இருந்தா பாதி நாள் இருக்கலாம்னாங்க. இல்லாட்டின்னு கேட்டேன். அதுக்கு அவங்க, அக்கா, நீங்க சாப்புட்டீங்களான்னு கேட்டாங்க.

புதன்கெழம தெக்குக் காத்து. நல்லா வீசுச்சு. எனக்குக் கை சும்மா இருக்காது, வீட்ல இருந்த போர்வை, மெத்த ஒறை, திரை எல்லாத்தயும் தொவச்சுப் போட்டேன். ஒரு தலகாணி ஒறைய மட்டும் தொவைக்கல. அது கெடக்கட்டும். மத்ததெல்லாம் மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு காஞ்சிருச்சு. மடிச்சு வெச்சேன். மறுபடி எடுத்துப் பிரிச்சு மறுபடி மடிச்சேன்.

வியாழக்கெழமதான் வேடிக்க. மதியம் சாப்பாட்டு நேரத்துல எங்கேருந்தோ ஒரு கறுப்பு மேகம். சொட்டு விழுந்ததுதான் தாமதம், ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியப் போட்டுட்டாரு. பூண்ட மூடுங்க, பூண்ட மூடுங்க, மேலத்தெரு கிம் அவர்களே, உங்க பூண்டு நனையுது, குடிச்சது போதும் எந்திரிச்சு வாங்கன்னு கத்துறாரு. ஊரே வயலுக்கு ஓடுச்சு. நானும் ஓடுனேன். பக்கத்து வீட்டு சுன்னே தார்ப்பாய ஒரு முனையில பிடிச்சுட்டு, என் பேரச் சொல்லி, ஓக்கும் அக்கா, அந்த முனையப் பிடிங்க, பிடிங்கன்னு கத்துறா. நான் பிடிச்சேன். காத்து ஒரு தூக்குத் தூக்குச்சு பாரு, தார்ப்பாயோட சேந்து நானும் வரப்புல விழுந்தேன். அவளும் என் மேல விழுந்தா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன்மா.

அப்ப யாரோ ஒருத்தர் நான் சிரிக்கிறதப் பாத்துட்டாங்க. அவங்க நிறுத்துனாங்க. பக்கத்துல இருந்தவங்க நிறுத்துனாங்க. அப்படியே ஒவ்வொருத்தரா நிறுத்தி, கடைசில நான் ஒருத்தி மட்டும் சிரிச்சுட்டு இருந்தேன். மழை கூட நின்னுருச்சு. மண்ணத் தட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அன்னிலேருந்து யாரும் என்கிட்டப் பேசறதில்ல. கெட்டவங்க இல்ல, தப்பா நெனைக்காத. வாசல்ல கிண்ணத்துல எதாவது வெச்சுட்டுப் போறாங்க. பொரியல், கஞ்சி, நேத்து அரிசிக் கேக். கதவத் தட்டறதில்ல. நான் தெருவுல வந்தா பேசிட்டு இருந்தவங்க பேச்ச விட்டுட்டுத் தரையப் பாக்குறாங்க. நீதான், வந்த ஒடனே, என்னா வெயிலு என்னா கடலுன்னு ஆரம்பிச்ச. அதான் உக்கார வெச்சுட்டேன். ஒனக்கு நேரம் இருக்குல்ல?

வெள்ளிக்கெழம அலையே இல்ல. கடல் மேல எண்ணெ ஊத்துன மாதிரி. நேத்து உங்கள மாதிரி வெளியூர்க்காரங்க நெறைய வந்தாங்க, புள்ளைங்க மணல்ல ஓடுதுங்க, ஒரு குடும்பம் அங்க கூடாரம் போட்டுக் கறி சுட்டாங்க. அவங்க மேல என்ன தப்பு. வாரம் பூரா இப்படி ஒரு வெயில குடுத்தா யாருதான் வராம இருப்பாங்க.

எது? அந்த வெள்ளைப் படகா? ம், எடுத்துக்க, ஃபோட்டோல நல்லாத்தான் விழும். மீன்பிடிப் படகு இல்லம்மா அது. கடலோரக் காவலோடது. மேலயும் கீழயுமாப் போயிட்டு இருக்குதுன்னா, தேடுது.

ஆளத்தான். திங்கக்கெழம பனில போனவரு. படகு அன்னிக்கே கெடச்சுது. அந்த ரெண்டாவது தீவுக்குப் பின்னால, எஞ்சின் ஓடிட்டே, தன்னால வட்டம் போட்டுட்டு இருந்துச்சாம். வலைல பாதி தண்ணிக்குள்ள, பாதி மேல. உள்ள ஆள் இல்ல. இன்னிக்குப் பொழுது சாஞ்சா தேடறத நிறுத்திருவாங்களாம். மூணு நாளா மழ இல்ல, காத்து இல்ல, அல இல்ல, அப்பவே கெடைக்கல, இதுக்கு மேல என்னத்தத் தேடறதுன்னு ஊர்த்தலைவர் சொன்னாரு. என்கிட்ட இல்ல, சுவத்தப் பாத்துச் சொன்னாரு. எனக்குக் காதுல விழுந்துச்சு.

மான்சொக்னு பேரு. அறுவத்தி ரெண்டு வயசு.

எனக்கா? அவரு எனக்கு என்ன வேணும்னா...

நல்லாக் கேட்ட போ. இந்த ஏழு நாள்ல இதக் கேட்ட மொத ஆளு நீதான். கடலோரக் காவல் ஆபீசர் வந்தாரு, அவரோட மகன் எங்க இருக்காருன்னு கேட்டாரு. மகன் ஜேவோன், புசான்லேருந்து அன்னிக்குச் சாயங்காலமே வந்துட்டான். அவரோட தம்பி வந்தாரு. அவங்கதான் குடும்பம். நான் கடைக்கார அம்மா. மூணு வருசமா அவரு இந்தக் கடைக்குப் பின்னால என் வீட்ல இருந்தாரு, அவ்வளவுதான். எழுதிப் பதிவு பண்ணலாம்னு அவரு சொல்லிட்டேதான் இருந்தாரு. இந்த வயசுல கல்யாணப் பொண்ணா நிக்கச் சொல்றியா, ஊர் சிரிக்கும்னு நான்தான் கேலி பண்ணித் தள்ளித் தள்ளி விட்டேன். தப்புன்னு சொல்ல மாட்டேன், அப்ப எங்களுக்கு அது வெளையாட்டா இருந்துச்சு.

தெனமும் ஒலிபெருக்கில சொல்றாங்க, கரையோரம் போறவங்க பாத்துக்கங்க, நீலச் சட்டைன்னு. மகன் புது வருசத்துக்கு வாங்கி அனுப்புன நீல மேல்சட்டை அது. நல்லா இருக்குன்னு அவரு அதப் போடவே இல்ல. பீரோல தொங்குது, இப்ப போனாலும் பாக்கலாம். அன்னிக்குப் பனில குளிருதுன்னு ஆணில தொங்குன என் கம்பளிச் சட்டைய எடுத்து மாட்டிக்கிட்டாரு. ஊதாக் கலரு. பொம்பள சட்டை. தோள் பத்தல, பட்டன் கீழ ரெண்டுதான் போட முடிஞ்சுது. கண்ணாடில பாத்துட்டு, எப்படி இருக்கேன், தேகு பொண்ணு மாதிரி இருக்கேனான்னு இடுப்ப ஆட்டிக் காட்டுனாரு. நான் சூப்புக் கரண்டியோட தொரத்துனேன். பத்து மணிக்குப் பனி போயிரும், சூப்ப ஆற விடாதன்னுட்டுப் போனாரு.

சொல்லாம இருப்பேனா? அன்னிக்கே மகன்கிட்டச் சொன்னேன். எங்கப்பா பொம்பள சட்டை போட மாட்டாருன்னான். மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டான். ஊர்த்தலைவர்கிட்ட சொன்னேன். குடும்பத்துல என்ன சொல்றாங்களோ அதத்தான் நான் சொல்லணும்னாரு. அதுக்கு மேல நான் எப்படி சொல்ல? நாலு பேருக்கு நடுவுல நின்னு, ஒங்க அப்பா என் சட்டையப் போட்டுட்டுத்தான் போனாருன்னு கத்தவா? அந்தப் பையனுக்கும் வலிக்குந்தானே. அவனுக்கும் அப்பன்தானே போயிருக்காரு.

ஆனா எல்லாரும் நீலத்தத் தேடிட்டு இருக்காங்கம்மா. கடல் பூராவும் நீலம்.

படகு திரும்புது பாரு. இங்கதான் கட்டுவாங்க, எறங்கித் தண்ணி குடிச்சுட்டுக் கடைசித் தடவ ஒரு சுத்துப் போவாங்க. நீ எந்திரி கண்ணு, ஒன் பஸ்ஸும் வந்துரும். டம்ளர அங்கயே வெச்சிரு, நான் கழுவிக்கிறேன். நான் அந்த ஆபீசரப் பாக்கணும். மகன்கிட்ட இல்ல, தலைவர்கிட்ட இல்ல, நேரா அவர்கிட்டயே சொல்லிர்றேன். ஊதாக் கம்பளி, ரெண்டு பட்டன் போட்டிருக்கும், எடது கைமுட்டில கறுப்பு நூல்ல தச்சிருக்கும்னு.

நீ யாரும்மான்னு அவரு கேப்பாரு. கேக்கட்டும். அவரோட சம்சாரம்னு சொல்றேன்.

சம்சாரம்னு நானா இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப ஒன்கிட்ட சொல்லிப் பாத்தேன்ல. வருது வாய்ல.