எடுத்தது கொஞ்சந்தான்

இல்ல வக்கீல் சார், கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்.

அந்தம்மா தையல் சொல்லிக்குடுத்து வீடியோ போடறாங்க. அதுலேருந்து துண்டு துண்டா எடுத்து, நக்கலடிச்சு, என் சேனல்ல போட்டேன். சேனல் பேரு கிண்டல் மாமா; முகமூடி போட்டு, குரலை மாத்தித்தான் வருவேன். பேரைச் சொன்னாலே ஊரே சிரிக்கும். நீங்களும் பாத்தீங்களா? சிரிச்சீங்களா? ம்... அவங்க புகார் குடுத்தாங்க, யூடியூப்காரங்க என் வீடியோவைத் தூக்கிட்டாங்க. இது விமர்சனம், எடுத்ததும் கொஞ்சந்தான், நியாயமான பயன்பாடுன்னு நீங்க பதில் எழுதியிருக்கீங்க. சரி.

முன்னெல்லாம் வீடியோ போடற பசங்க சொல்லுவாங்க, இத்தனை செகண்டுக்குள்ள எடுத்தா தப்பில்ல மாமான்னு. நீங்க என்னடான்னா அப்படி ஒரு கணக்கே சட்டத்துல இல்லங்கறீங்க. எதுக்கு எடுத்தே, எந்த இடத்தை எடுத்தே, அதனால அவங்க பொழப்பு என்னாச்சுன்னு பாப்பாங்களாமே. அங்கதான் சார் இடிக்குது.

அவங்களுக்குப் பேச்சு திக்கும். ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டறதை அரை மணி நேரம் அழகாச் சொல்லுவாங்க, நடுவுல க... க... கத்தரின்னு நின்னுடும். நான் அந்த அரை மணியைத் தொடவே இல்ல. திக்கின இடத்தை மட்டும் பொறுக்கிக் கோத்துத் தாளம் போட்டுட்டேன். கொஞ்சந்தான். ஆனா எந்தக் கொஞ்சம் பாருங்க! தையலைப் பத்தி நான் என்னத்த விமர்சனம் பண்றது? எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது.

நம்ம பதில் நிக்கும்ங்கறீங்க. நின்னுட்டா? வீடியோ திரும்ப வந்துடும். அவங்க இப்பவே பேசறதை நிறுத்திட்டாங்க சார். வீடியோவுல மட்டுமில்ல, எங்கயுமே. கடையில சாமான் வாங்கக்கூட விரலை நீட்டித்தான் காட்டறாங்க. தெருப் பசங்க தாளம் போடுதுங்க, என் தாளம்.

வேணாம் சார், பதில் அனுப்பாதீங்க. வீடியோ போனது போனதாவே இருக்கட்டும்.

என்னது? ஆமா, புகார்ல சேனல் பேருதான் இருக்கு. அந்தம்மாவுக்கு ஆளைத் தெரியுமான்னா...

காலையில சட்டையில பட்டன் அறுந்து தொங்குச்சு. வக்கீலைப் பாக்கப் போறேன்னேன். கழட்டக்கூடச் சொல்லல, போட்டிருந்தபடியே தச்சுவிட்டு, இந்தா, இங்க நெஞ்சுகிட்ட குனிஞ்சு, நூலைப் பல்லால கடிச்சா. ஒரு வார்த்தை பேசல.

அவதான் சார். என் சம்சாரம்.