ரெண்டாம் எண்ணின் வலது டாங்க்

நான் இதுவரை எந்த வரிசையிலும் குறுக்கே புகுந்ததில்லை. வங்கியாகட்டும், மருந்துக் கடையாகட்டும், என் முறை வரும்வரை நிற்பேன். முன்னால் நிற்பவன் போனில் அரட்டையடித்துக்கொண்டு நகராமல் இருந்தாலும் முதுகில் தட்ட மாட்டேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மற்றதெல்லாம் அப்புறம் தானாகப் புரியும்.

இருபத்திரண்டு வருஷம் விமானப்படையில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கிளப்பில் சேர்ந்தேன். ஒரே மாதிரியான மூன்று சின்ன விமானங்கள், அவற்றுக்கு மூன்று சொந்தக்காரர்கள். நான் ஒன்று. என் மனைவியின் தம்பி, பல் டாக்டர், ரெண்டு. பேக்கரிக்காரர் மூணு. வால்களில் எண்களை நானேதான் எழுதினேன். பெயிண்ட் கடைக்காரன் எழுதினால் கோணலாகிவிடும்.

மூன்று விமானங்கள் ஒட்டிக்கொண்டு பறப்பது கீழே நின்று பார்ப்பவர்களுக்கு அழகு. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கழுத்துவலி. எனக்கு வலப்பக்கம், பின்னால், கொஞ்சம் தாழ்வாக ரெண்டு. இடப்பக்கம் அதே மாதிரி மூணு. இருவரும் என் விமானத்தை மட்டுமே பார்க்க வேண்டும். கண்ணை எடுத்தால் இறக்கையோடு இறக்கை உரசும். வழி, உயரம், எதிரே வருகிறவன், பெட்ரோல் எல்லாம் என் கவலை. நான் மலையில் போய் மோதினால் அவர்களும் வந்து மோத வேண்டியதுதான். அப்போதும் வரிசை கலையக் கூடாது.

ரேடியோவிலும் அப்படித்தான். கேட்டால்தான் பேச வேண்டும். நான் ஓர் உத்தரவு சொன்னால் 'ரெண்டு', 'மூணு' என்று அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். 'புரிந்தது, செய்கிறேன்' என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். படையில் இதற்கு ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

டாக்டருக்கு மட்டும் இது மண்டையில் ஏறவில்லை. கை சுத்தமான கை, அதை மறுக்க மாட்டேன். இறக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றால் ஆணியடித்தது போல நிற்பார். வாய்தான் ஓயாது. நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தான் மட்டும் பேசிப் பழகிய மனிதர், பதில் வராத பேச்சுதான் அவருக்குப் பேச்சு. விமானங்களை நிறுத்தும் ஹாங்கரில் அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். என்னைச் சுற்றி யாரும் நிற்பதில்லை. அது மரியாதை.

இறங்கும் முறையிலும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. சாதாரண விமானங்கள் ஓடுபாதையை ஒட்டிப் பெரிய செவ்வகமாகச் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாண வீட்டுப் பந்திக்கு இடம் தேடுகிறவர்கள் மாதிரி வந்து இறங்கும். நாங்கள் அப்படியில்லை. மூவரும் சேர்ந்தே வேகமாக ஓடுபாதைக்கு நேர் மேலே வருவோம். அதற்குள் மூணு வலப்பக்கம் மாறி ரெண்டுக்கு அடுத்து வந்துவிடும். அங்கே நான் முதலில் சட்டென்று இடப்பக்கம் சாய்ந்து பிரிவேன். ஐந்து விநாடி எண்ணி ரெண்டு, இன்னும் ஐந்து எண்ணி மூணு. அரை வட்டம் அடித்து எதிர்த்திசையில் கொஞ்சம் ஓடி, இன்னொரு அரை வட்டத்தில் சாய்ந்தபடியே இறங்கினால் சக்கரம் தரையில் இருக்கும். போர்க்களத்தில் எதிரி குறிபார்க்க நேரம் கொடுக்காமல் எல்லோரையும் ஒரு நிமிஷத்தில் தரைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

"எதிரியே இல்லாத ஊர்ல எதுக்கு அத்தான் இவ்ளோ அவசரம்?" என்று ஒருநாள் கேட்டார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். டாக்டர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். சனிக்கிழமை கிளப் கூட்டம். வரப்போகும் கண்காட்சியில் யார் முன்னால் பறப்பது என்று முடிவு செய்யப்போகிறார்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். அவருக்கு வருத்தம்தான், பாவம். கறித் துண்டைத் தட்டில் இங்குமங்கும் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. போன ரெண்டு தடவையும் ஓடுபாதையில பாதி தாண்டித்தான் இறங்குனீங்க. கண்ணை ஒரு தடவை காட்டிடுங்களேன். அதுவரைக்கும் நான் முன்னால போறேன். உங்க இடம் உங்களுக்குத்தான், யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

"கிளப்ல எல்லாருக்கும் இது தெரியுமா?" என்றேன்.

"பேசிட்டுத்தான் இருக்காங்க."

நான் குழம்பை ஊற்றிப் பிசையத் தொடங்கினேன். டாக்டர் அக்காவின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அக்கா, நீயும் இந்த வீட்ல பாத்ரூம் போகணும்னா 'ரெண்டு'ன்னு சொல்லிட்டுத்தான் போறியா?"

என் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முப்பத்தொரு வருஷமாக அந்த மேஜையில்தான் சாப்பிடுகிறோம். அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. சாப்பிட்டு முடித்து என் தட்டை நானே கழுவி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டத்துக்கு முன் கடைசிப் பயிற்சி. டாக்டர் தன் விமானத்துக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டே பேக்கரிக்காரரிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடிந்தது, சிரித்தார்கள், குழாயை மாட்டிவிட்டு இறங்கிவிட்டார். வலது இறக்கை மேலிருக்கும் டாங்க் மூடி சரியாக உட்காரவில்லை. அதன் கொண்டி எழும்பி நின்றது. நான் அந்தப் பக்கமாக நடந்து போகும்போது பார்த்தேன். அவரவர் விமானத்தை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நான் அடுத்தவர் பொருளில் கை வைப்பவன் இல்லை.

மேலே போன பத்தாவது நிமிஷத்தில் அந்த மூடியிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு கிளம்பியது. பெட்ரோல்தான். காற்று அதை உறிஞ்சி வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டருக்குத் தெரிய வழியில்லை. அவர் இடப்பக்கம் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கோடு போவது அவருடைய வலது இறக்கையில். பேக்கரிக்காரரின் கேமராவில் அது பதிவாகியிருப்பதாகச் சொன்னீர்கள். அவரும் பார்த்தாராம். 'தலைவர் பார்த்திருப்பார், ஏதாவது காரணம் இருக்கும்' என்று இருந்துவிட்டாராம். நல்ல மூணாம் எண். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

இருபது நிமிஷப் பயிற்சியை நாற்பது நிமிஷமாக ஏன் நீட்டினேன் என்றால், வானம் தெளிவாக இருந்தது. ஏரியைச் சுற்றி இன்னும் இரண்டு வட்டம் போனோம். வழக்கமாக நடுவில் ஒருமுறை 'பெட்ரோல் எவ்வளவு?' என்று கேட்பேன். அன்று கேட்கவில்லை. கேட்காமல் அவர்கள் சொல்லக் கூடாது. இறக்கைக்கு ஒரு டாங்க், எதிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று உள்ளே ஒரு லீவரால் மாற்றிக்கொள்ள வேண்டும். மூவரும் இடது டாங்க்கில் ஓடிக்கொண்டிருந்தோம். வெள்ளைக் கோடு மெலிந்து மெலிந்து, ஏரியைத் தாண்டும்போது நின்றுவிட்டது. வலது டாங்க்கில் இனி விடுவதற்கு ஒன்றுமில்லை.

ஓடுபாதை நேர் எதிரே தெரிந்தது. நான் ரேடியோவில் சொன்னது இரண்டே வார்த்தை. "டாங்க், வலது."

"ரெண்டு," என்றார் டாக்டர்.

"மூணு," என்றார் பேக்கரிக்காரர்.

இறங்கப்போகும் நேரத்தில் டாங்க் மாற்றக் கூடாது என்று கிளப்பின் விதித்தாளில் இருக்கிறது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. காட்டினீர்கள், பார்த்தேன். விதி போட்டவனுக்குத் திருத்தவும் உரிமை உண்டு. என் லீவர் மட்டும் ஏன் இடதிலேயே இருந்தது என்று கேட்டால், முன்னால் போகிறவனுக்குச் சில சலுகைகள் உண்டு.

டாங்க் காலியானாலும் குழாயில் மிச்சமிருப்பதில் இன்ஜின் ஒரு நிமிஷம் ஐந்து விநாடி ஓடும். என் விமானத்தைத் தரையில் கட்டிவைத்து எப்போதோ அளந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டு உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. தேதியை நீங்கள் சுழித்திருப்பதையும் பார்க்கிறேன். ஆமாம், அது வியாழக்கிழமை இரவுதான். சாப்பாடு முடிந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. மூடி திறந்து கிடந்தது ஒரு வசதி, அவ்வளவுதான். கிடக்காவிட்டால் திறந்து வைக்க எனக்கும் கை இருக்கிறது.

ஓடுபாதைக்கு மேலே நான் பிரிந்தேன். ஐந்து எண்ணி டாக்டரும் பிரிந்தார். அழகான பிரிவு. படையில்கூட அப்படி எண்ணிப் பிரிந்தவர்கள் குறைவு. நான் கடைசி வளைவில் பாதி வந்திருந்தபோது அவர் அதில் சாயத் தொடங்கினார். அங்கேதான் இன்ஜின் இருமியது.

லீவரை இடதுக்குத் தள்ளியிருந்தால் இன்ஜின் மறுபடி பிடித்திருக்கும், உயரம் போதுமாக இருந்தது என்று உங்கள் நிபுணர்கள் எழுதியிருக்கிறார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். 'இடதுக்கு மாத்து' என்று நான் ரேடியோவில் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார். நான் சொன்னதை அவர் ஒருநாளும் செய்யாமல் இருந்ததில்லை. சிரித்துக்கொண்டாவது செய்துவிடுவார்.

வேலிக்கு அந்தப் பக்கம், புல்லில் விழுந்தார். மூணு அவருக்கு மேலே கடந்து வந்து ஒழுங்காக இறங்கியது.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. என் மனைவி சிரிப்பதில்லை, பேசுவதும் இல்லை. ஒரு நாள் மட்டும், "அவன் உங்களைக் கூப்பிட்டானாமே?" என்று கேட்டாள். நீங்களும் அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பதிவில் இருப்பதை நான் மறைக்கவில்லை. இன்ஜின் நின்றதும் ரேடியோவில் ஒரு குரல் வந்தது. "அத்தான்." கொஞ்சம் விட்டு மறுபடியும், "அத்தான்."

ரேடியோ பட்டனில் என் கட்டைவிரல் இருந்தது. ஆனால் எண் சொல்லாமல் கூப்பிட்டால் நான் பதில் சொல்வதில்லை என்பது, ஐயா, அவருக்கு நன்றாகவே தெரியும்.