பிளாஸ்மா குழாய்க்கு வைத்த சந்தனப் பொட்டு

ஆசையாய்ச் செய்தது கெடுதலாய் முடிந்தால், அது யாருடைய தவறு? மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்கு விடை தெரியவில்லை. என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“ஏனுங்க, உங்க மின்னல் குழாய்க்குப் பொட்டு வெச்சது என்ற தப்புங்களா?” என்றார் அந்த அம்மா.

“மின்னல் இல்ல அம்மணி, பிளாஸ்மா; மின்னலாட்டம் கொதிக்கிற வாயு. அந்தச் சூட்டுல மீத்தேன் கேஸைப் பிரிச்சா ஹைட்ரஜன் தனியா வரும், கரி பொடியா நின்னுக்கும். பொகையே கெடையாது. அதுக்குத்தான அத்தன வருசம் ஒர்க்‌ஷாப்புலயே கெடந்தேன்?”

“ஆயுத பூசைக்கு லேத்துக்கு வெச்சாப்பல, உங்க கண்ணாடிக் குழாய்க்கும் சந்தனம் வெச்சுபோட்டேன்.”

“அது சூடு தாங்குற குவார்ட்ஸ் கண்ணாடி. அழுக்குப் பட்டாலே சூட்டுல விரிசல் உட்டுரும். ஹைட்ரஜன் வாங்கறதுக்குப் பாக்க வந்த உரக் கம்பெனிக்காரங்க முன்னாலயே ஒடஞ்சுபோச்சு. எந்திரிச்சுப் போனவங்க திரும்பி வரவேயில்ல.”

“தொடக்கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலீங்களே.”

“உனக்கென்ன புரியப்போகுதுன்னு இருந்துட்டேன்.”

வெளியே ஒரு பவுண்டரியின் புகை பஸ்ஸுக்குள் வந்தது. என் குழந்தை இருமினான். கணவர் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பக்கத்து ஜன்னலை இறக்கி மூடினார்.

“மறுபடியும் செய்யுங்க,” என்றார் அந்த அம்மா. “நான் அந்தப் பக்கமே வாரதில்லீங்க.”

கணவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்; அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கிவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு அவர் என்ன சொல்லியிருக்கலாம்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்களேன்.