இடது முன்சக்கரத்தின் நட்டு

பெயர்: சைராகான். கணவர்: காலஞ்சென்ற ஜெனிஷ். வயது: 43. தொழில்: சொந்தக் காரில் பயணிகளை ஏற்றி ஓட்டுதல். இருப்பிடம்: நாரின் மாகாணம், கோக்-தால் கிராமம், ஆற்றோரத் தெரு, எண் 14.

நான் இன்று 2019 ஜூன் 12ஆம் தேதி காலை பத்து மணிக்கு, யாரும் அழைக்காமல், நானாகவே காவல் நிலையம் வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். கடந்த மே 6ஆம் தேதி இதே அதிகாரியிடம் நான் கொடுத்த வாக்குமூலம் பொய்யானது. நடந்ததை இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

என் கணவர் மூன்று குளிர்காலங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்தார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஒரே முற்றத்தில் இரண்டு வீடுகள். ஒன்றில் நான் இருக்கிறேன். மற்றதில் என் கொழுந்தன் குபாத், அவர் மனைவி சிர்கா, அவர்களுடைய பெண் குழந்தைகள் பெகாயிம் வயது ஏழு, மேரிம் வயது நான்கு, என் மாமியார் பாத்மா ஆகியோர் இருந்துவந்தார்கள். கார் என் கணவருடையது. அவருக்குப் பிறகு அதை நான் நாரினுக்கு ஓட்டிப் பிழைக்கிறேன். கணவர் காருக்கடியில் படுத்து வேலை பார்த்த காலத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துப் பழகியிருந்தேன். அதன் பிறகு நானே படுத்துப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் கார் தம்பிக்குத்தான் வர வேண்டும் என்று குபாத் தேநீர் குடிக்கும்போதெல்லாம் சொல்லுவார்.

ஏப்ரல் கடைசியில் ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரிந்தது. ஜல்லி ரோட்டில் இடது பக்கம் டக் டக் என்று சத்தம் வந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை இரு கையாலும் பிடித்து அசைத்ததில் ஸ்டியரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் தேய்ந்து, அதன் ரப்பர் கிழிந்திருப்பதைக் கண்டேன். அடுத்த நடையில் நாரினில் புதியது ஒன்று வாங்கிவந்தேன்.

மே 2ஆம் தேதி பயணிகள் இல்லாததால் காலை பத்து மணிக்கு முற்றத்தில் வைத்து, இடது முன்சக்கரத்தைக் கழற்றி வேலையைத் தொடங்கினேன். சிர்கா தானாக வந்து உதவினாள். நான் சொல்லும்போது உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, உன் காலு ரெண்டும் தெருவுக்குத் தெரியுது. அத்தை ஜன்னல்ல நின்னு பாக்குறாங்க."

"காலத்தான பாக்குறாங்க, பாத்துட்டுப் போகட்டும். நீ கொஞ்சம் வலப்பக்கம் ஒடி."

அவள் சிரித்ததில் கை பட்டு ஹாரன் அடித்துவிட்டது. மாமியார் ஜன்னலைச் சாத்தினார்.

அதன் பிறகு நட்டு கழலாமல் பூட்டும் பழைய பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, சுத்தியலால் பக்கவாட்டில் தட்டி, தேய்ந்த டை ராட் எண்டை விடுவித்தேன். கம்பியிலிருந்து கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டேன். பத்தொன்பது. புதியதையும் பத்தொன்பது சுற்று ஏற்றினேன். அப்படிச் செய்யாவிட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். அதன் பிறகு அதன் கூம்பைச் சக்கரம் பொருந்தும் பாகத்துத் துளையில் இறக்கி, புதிய நட்டை மாட்டினேன். அதன் மரை சரியாக வெட்டப்படவில்லை. இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. பழைய நட்டு அளவு சேரவில்லை. பலவந்தமாக முடுக்கினால் வாங்கிவந்ததே வீணாகும் என்பதால் நட்டைக் கழற்றிவிட்டு, வட்டாரச் சந்தைக்குப் போய் வேறு வாங்கிவரத் தீர்மானித்தேன்.

காரை ஜாக்கியில் நிறுத்திவிட்டுப் போகவில்லை. மேரிம் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு அடியில் புகுவாள். ஆகவே சக்கரத்தை மாட்டி, காரைக் கீழே இறக்கினேன். பார்ப்பவர்களுக்கு அது முழுசான காராகத்தான் தெரியும்.

நட்டு மாட்டவில்லை, காரை யாரும் தொடக்கூடாது என்று சிர்காவிடம் சொன்னேன். அவள் கண்ணால் பார்த்ததுதான். அப்போது குபாத் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படியில் வந்து நின்றார். பக்கத்து ஊரில் அவருடைய நண்பர் வீட்டு விருந்து அன்றைக்கு.

"முடிஞ்சுதா அண்ணி? நாலு கிலோமீட்டர்தான், போயிட்டு வந்துடறேன்."

"முடியல. நட்டு மாட்டல. நாலு அடி கூட ஓட்டாதீங்க. கூம்பு கழண்டா ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் போயிடும்."

"பொம்பள செஞ்ச வேலைன்னு சும்மாவா சொன்னாங்க? காலையில இருந்து உருண்டு ஒரு நட்டு மாட்டல."

"ஆம்பள மாட்டலாம். வாங்க, அடியில படுங்க."

சிர்கா தலை குனிந்துகொண்டாள். குபாத் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். என் சாவி என் பையில் இருந்தது. என் கணவருடைய சாவி மாமியாரின் பெட்டியில் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். கேட்டால் ஒரு வாரத்துக்குப் பேச்சு கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. இதைப் பற்றி என்னிடம் இதுவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

பகல் பன்னிரண்டரைக்குப் பக்கத்து வீட்டு வேனில் ஏறிச் சந்தைக்குப் போய், நட்டும் பின்னும் வாங்கிக்கொண்டு இரண்டேகாலுக்குத் திரும்பினேன். முற்றத்தில் கார் இல்லை. குழந்தைகள் இருவரும் மாமியாரோடு வாசலில் இருந்தார்கள். எங்கே என்று கேட்டேன்.

"விருந்துக்குப் போயிருக்காங்க. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு புழுதியிலயா நடந்து போவான்? என் மகன் கார்தான, நான்தான் சாவி குடுத்தேன்."

சிர்கா கணவரால் அழைத்துச் செல்லப்பட்டார். நான் ஓடினேன். அதன் பிறகு பின்னால் வந்த பால் லாரியை நிறுத்தி ஏறிக்கொண்டேன். பாலத்துக்கு முந்தைய வளைவில் கார் கான்கிரீட் சுவரில் மோதி நின்றிருந்தது. வலது முன்சக்கரம் ரோட்டைப் பார்த்தும் இடது முன்சக்கரம் ஆற்றைப் பார்த்தும் இருந்தன. குபாத் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். சிர்கா முன் சீட்டில் இருந்தாள். உயிர் இல்லை. விருந்துக்காக அவள் பொரித்துத் துணியில் கட்டியிருந்த மாவுத் துண்டுகள் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தன. லாரி ஓட்டுநர் அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்துவந்தார். நான் மிதித்துக்கொண்டுதான் போனேன்.

அன்று மாலை ஆஸ்பத்திரி நடையில், தோளில் கட்டுப் போட்டிருந்த குபாத் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "அவ சொல்லிக்கிட்டேதான் வந்தா அண்ணி. திரும்பிடலாம், அக்கா சொன்னாங்க, திரும்பிடலாம்னு. நான் பாட்ட சத்தமா வெச்சேன்." அருகில் வேறு யாரும் இல்லை. இதை அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

மே 4ஆம் தேதி அடக்கம் நடந்தது. மே 5ஆம் தேதி காலை மாமியாரும், என் கணவரின் பெரியப்பா எர்கின்பாயும் என் வீட்டுக்கு வந்தார்கள். மாமியார் மூன்று வருடத்தில் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது அன்றுதான். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பெரியப்பா பேசினார்.

"அவன் உள்ள போனா ரெண்டு புள்ளைங்களும் அனாதையாயிடும்மா. நீ நட்டு மாட்ட மறந்துட்டேன்னு சொல்லிடு. பொம்பளைக்கு, அதுவும் புருஷன இழந்தவளுக்கு, பெரிசா தண்டன குடுக்க மாட்டாங்க."

நான் மறக்கவில்லை என்று சொன்னேன்.

மாமியார், "உனக்குன்னு புள்ளையா குட்டியா? இதுங்கதான் உனக்கும். சிர்கா உன்ன அக்கா அக்கான்னுதான சுத்தி வந்தா? அவ புள்ளைங்களுக்காகச் செய்" என்று சொல்லி என் முழங்காலைத் தொட்டார்.

குபாத் வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் தோள்கட்டைப் பார்த்தார். அதன் பிறகு நான் சரி என்றேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மறுநாள் இங்கே வந்து, வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி நானே சாவியைக் கொடுத்ததாகவும், நட்டு மாட்ட மறந்ததாகவும் சொன்னேன். ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு தெருவில் யாரும் என்னிடம் பேசவில்லை. சிர்காவின் தாயார் என் வாசலுக்கு வந்து, என் காலடியில் துப்பிவிட்டுப் போனார். அதை நான் பொறுத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டபோதே இதெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 10ஆம் தேதி நாற்பதாம் நாள் சாப்பாடு. நான் காலையிலேயே போய் அடுப்படியில் நின்றேன். தட்டில் ரொட்டி எடுத்துக்கொண்டு குழந்தைகளிடம் போனபோது மாமியார் எல்லார் முன்னாலும் தட்டைப் பிடுங்கினார். "கொன்ன கையால எம் புள்ளைங்களுக்குப் போடாத" என்றார். எங்கள் பொய்யைக் காப்பாற்றத்தான் ஊர் முன் நடிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. என்னைப் பொய் சொல்லச் சொன்னவரே அந்தப் பொய்யை நம்பிவிட்டார்.

நான் குபாத்தைப் பார்த்தேன். அவர் ஆண்களோடு உட்கார்ந்து கறி அறுத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன் பிறகு நான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது பெகாயிம் வந்தாள்.

"பெரியம்மா, அம்மாவ நீ வேணும்னே கொன்னியா, தெரியாம கொன்னியா?"

"யாரு கேக்கச் சொன்னாங்க?"

"யாரும் இல்ல. அப்பா வேணும்னேன்னு சொல்றாரு. கார அவரு கேப்பாருன்னு உனக்குக் கோவமாம். பாட்டி தெரியாமன்னு சொல்றாங்க. நான் யார நம்பணும்?"

பாட்டியிடம் போய் இரு என்று மட்டும் சொன்னேன். அவள் போய்விட்டாள். சிறைக்குப் போக நான் சம்மதித்திருந்தேன். இதற்குச் சம்மதிக்கவில்லை.

என் பழைய வாக்குமூலம் பொய் என்றால் அதுவும் குற்றம், அதற்கும் தண்டனை உண்டு என்று அதிகாரி இன்று எனக்கு விளக்கினார். புரிந்துகொண்டேன். குபாத்தைக் கைது செய்தால் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். நான் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னேன். அவர்கள் உங்களிடம் வருவார்களா என்று கேட்டார். வரமாட்டார்கள் என்று சொன்னேன். இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இவை எல்லாவற்றையும் அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் "சிர்கா தன் கணவருடன் விருந்துக்குச் சென்றார்" என்று இருந்தது. "கணவரால் அழைத்துச் செல்லப்பட்டார்" என்று மாற்றச் சொன்னேன். வித்தியாசம் ஒன்றும் இல்லையே என்றார். இருக்கிறது என்றேன். அடித்து மாற்றி எழுதினார். மாற்றிய இடத்தின் ஓரத்திலும், இங்கே கீழேயும் கையெழுத்திடுகிறேன். மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) சைராகான்