ஆயிரத்தெட்டுத் துடிப்பு

மேடையில் என் பக்கத்தில் அமர்ந்திருக்கும், குழந்தைகள் மருத்துவரான நம் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும், நம் நிமிஷம் அண்ணனின் மனைவி, அண்ணி அவர்களே! கருப்பு வெள்ளைப் படம் எடுப்பதைத் தவிர உருப்படியாக வேறு எதுவும் செய்யாத என் சங்கத் தோழர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா" என்று கேட்டே பிழைப்பவன். ஆனாலும் செயலாளர் என்ற முறையில் இந்த இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசியாக வேண்டும். பேசி முடிப்பதற்குள் உங்களில் ஒருவருக்காவது என் மேல் கோபம் வரும். வரட்டும்.

நிமிஷம் அண்ணன்! லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு இந்தப் பெயரை வைத்தது யார்? நாம்தான். பிலிம் பெட்டியின் மேல் அச்சடித்த கழுவும் நேரத்தை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. "அது அவன் வீட்டுத் தண்ணிக்கு. நம்ம வீட்டுத் தண்ணிக்கு எவ்வளவுன்னு நாமதான் பாக்கணும்" என்பார். ஒரே சுவரை ஒரு சுருள் முழுக்கப் படம் எடுப்பார். அதை ஐந்து துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் டெவலப்பரில், அதாவது படத்தைத் துலக்கும் மருந்துத் தண்ணீரில், வெவ்வேறு நேரம் ஊறவைப்பார். காய்ந்ததும் ஐந்தையும் ஜன்னலில் ஒட்டி, அரை நாள் முறைத்துக்கொண்டு நிற்பார். கடைசியில் நமக்கு ஒரு சீட்டு வரும்: "பத்து நிமிஷம்." அதை அவர் பெயருக்கு நேரே சுவர் அட்டவணையில் ஏற்றுவோம்; நம் நேரத்தை அவரவர் வரிசையில் எழுதுவோம். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. அவர் சொன்ன நேரத்தைப் பார்க்காமல் தன் வீட்டுக் குளியலறையில் ஒரு சுருளையாவது கழுவியவர் இந்த அறையில் உண்டா?

அந்த நேரம் ஐந்து மாதத்துக்கு முன் நகர ஆரம்பித்தது. அதே பிலிம், அதே டெவலப்பர், அதே இருபது டிகிரி. பத்து என்று இருந்தது பதினொன்று ஆயிற்று. பிறகு பன்னிரண்டு. பிறகு பதின்மூன்று. அவரை நம்பி நாமும் கூட்டினோம், நம் நெகட்டிவ் எல்லாம் கரியாகக் கறுத்து வந்தன. வங்கிக்காரர் தன் தங்கை கல்யாணச் சுருளைப் பதின்மூன்று நிமிஷம் போட்டுவிட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு இதே வாசலில் நின்றது நினைவிருக்கிறதா?

நாம் என்ன செய்தோம்? அவருடைய தெர்மாமீட்டரை வாங்கிச் சோதித்தோம். சரியாக இருந்தது. டெவலப்பர் பொடியை மாற்றிப் பார்த்தோம். அதுவும் சரி. அவர் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, நம் தலைவர் குடித்தே பார்த்தார். அதிலும் குறையில்லை. மிச்சம் என்ன? மனிதருக்குத்தான் புத்தி மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டினோம். கட்டியது நான். பதினான்கு என்று அவர் எழுதி வந்த அன்று, உங்கள் அத்தனை பேர் முன்னாலும் அவர் வரிசையைச் சிவப்பு மையால் அடித்தேன். "அண்ணே, வயசாயிடுச்சு, இனிமே நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னதும் நான்தான்.

அவர் சண்டை போடவில்லை. "பத்து நிமிஷம் போட்டா எனக்குப் படம் வெளிறி மெல்லிசாத்தான் வருது, செயலாளரே. நான் என்ன பொய்யா எழுதுறேன்?" என்று மட்டும் கேட்டார். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பத்தொன்பதாம் நாள் அவர் இதயம் நின்றுவிட்டது.

துக்கம் விசாரிக்கப் போனபோது, அவர் நேரம் பார்த்த கடிகாரத்தைச் சங்கத்துக்குத் தர முடியுமா என்று அண்ணியிடம் கேட்டேன். "எந்தக் கடிகாரம்?" என்றார். பிறகு சொன்னார். அண்ணன் பிலிம் கழுவிய முதல் டப்பாவின் மூடி விரிசல் விட்டது, வெளிச்சம் உள்ளே போய்விடும். அதனால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கழுவுவார். வேறு டப்பா வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இருட்டில் கடிகாரம் ஏது? தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு தன் நாடியை எண்ணுவாராம். நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு. எழுநூற்றிருபது எண்ணினால் பத்து நிமிஷம்.

"கடைசியில ஆயிரத்தெட்டு எண்ணிட்டிருந்தார். வெளியே வரும்போது சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கும்" என்றார் அண்ணி.

தோழர்களே, கணக்குப் போடுங்கள்! ஆயிரத்தெட்டை எழுபத்திரண்டால் வகுத்தால் பதினான்கு. அவருக்குப் பதினான்கு நிமிஷம் ஆனபோது ஊருக்குப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. பிலிம் மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை. சும்மா நிற்கும்போதே அந்த இதயம் நிமிஷத்துக்கு நூறு தடவை துடித்திருக்கிறது. ஐந்து மாதம் அதை அவர் தன் கையாலேயே எழுதி நம் சுவரில் மாட்டினார். ஒரு மருத்துவர் படித்தார், கண்ணாடிக் கடைக்காரன் படித்தான், முப்பது பேர் படித்தோம். நான் அதை அடித்தேன். இதை நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணி, உங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அவர் பணியை நாம் தொடர்வோம். சீட்டு எழுதுவோம், துண்டு வெட்டுவோம். ஆனால் ஒருவருடைய நேரம் மாறினால் தண்ணீரையும் தெர்மாமீட்டரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவர் வீட்டுக்குப் போவோம். இது இந்தச் சங்கத்தின் உறுதிமொழி.

இதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நான் விடைபெறும்போது அண்ணி இன்னொன்றும் சொன்னார். இருட்டில் எண்ணும் அந்த வித்தையை அண்ணன் நம்மில் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நேராக இங்கே வந்து அட்டவணையைப் படித்தேன். சிவப்புக் கோட்டுக்கு மூன்று வரிசை கீழே, இன்னொருவர் பெயருக்கு நேரே, நாம் எல்லோரும் பத்துக்குத் திரும்பிய பிறகு, அதே பிலிமுக்கு, ஒரே கையெழுத்தில் பத்து, பதினொன்று, பன்னிரண்டரை.

சுவர் காலியாக இருப்பதை வந்ததிலிருந்து எல்லோரும் பார்க்கிறீர்கள். அட்டவணையைக் கழற்றி வைத்தவன் நான். உங்கள் பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். இப்போது உங்கள் விரல் தாடைக்கு அடியில் போய்விட்டது. எண்ண வேண்டாம். தலைவரும் நானும் இறங்கி உங்களிடம் வருகிறோம். எழுந்து போய்விடாதீர்கள்.