எதிர் வாசல்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு, அக்கா விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஆறு பேரை வளர்த்தேன். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. சாத்தூர் பேருந்து கிளம்பாமல் நின்றபோது, முன் சீட்டில் என் வயதுக்காரி ஒருத்தி பக்கத்துப் பெண்ணிடம் உரக்கச் சொன்னாள்:

"எங்க தெருவுல வெடி வெடிச்சாத்தான், மதினி, கதவு தொறக்கும்."

"என்ன பேச்சு பேசுதீக!"

"நெசந்தான். பிள்ளைக எல்லாம் வெளியூரு. பகல்ல ஒரு சத்தம் இருக்காது. எங்கிட்டாவது பட்டாசுக் கம்பெனியில வெடிச்சா மட்டும், புகை எந்தப் பக்கம்னு பாக்க எல்லாக் கெழடும் வாசலுக்கு வரும். போன வாரம் வெடிச்சப்போ எதுத்த வீட்டு சரசு வரலை. காது நல்லாக் கேக்கும் அவளுக்கு. போய்ப் பாத்தா அடுப்படியில விழுந்து கெடக்கா."

"அய்யோ! உசுரு?"

"பொழச்சுக்கிட்டா. இடுப்புதான் போச்சு. மகன் வீட்டைப் பூட்டி, கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்."

"உங்க புண்ணியத்துல பொழச்சா. நல்லதுதான?"

"அவளுக்கு நல்லதுதான். எங்க ரெண்டு வீடும் முடுக்குச் சந்துக்குள்ள இருக்கு. என் வாசல் அவ வாசல்ல நின்னாத்தான் தெரியும். அடுத்து வெடிக்கையில நான் வெளிய வரலைன்னா யாரு பாக்கிறது?"

"அதுக்காக வெடிக்கணும்னு வேண்டுவீகளாக்கும்!"

"சீ, யாரு வீட்டுப் பிள்ளைகளோ கம்பெனிக்குள்ள இருக்கும்."

பேருந்து கிளம்பியது.

என் தெருவும் அப்படித்தான். ஏத்தா, எழுத்துத் தெரியாத எனக்காக எழுத உக்காந்தியே, நான் சொன்னதை எழுதிட்டியா? வாசி. 'யாரு பாக்கிறது'ன்னு அவ கேட்ட கேள்வி வரும்போது மட்டும் மெதுவா வாசி.