வைரவர் இருக்கிறாரோ எண்டு கேட்டவை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு மாலை. லண்டனில் டூட்டிங் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மூத்தவள், "நான் வைரவரை இல்லையெண்டு சொல்லிப்போட்டு வாறன்" என்றாள்.

"ஆருக்கு அக்கா?"

"என்னோடை வேலை செய்யிற வெள்ளைக்காரி ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள். சேர்ச்சுக்குப் போகாமல், அவையின்ரை பழைய தெய்வங்களைக் கும்பிடுற ஆக்கள். எங்களைப் போலை எண்டு ஆசையாப் போனன்."

"பிறகு?"

"நாங்கள் வைரவருக்கு வடைமாலை போடுறதைச் சொன்னன். கூட்டத்துத் தலைவி சிரிச்சுக்கொண்டு, 'தெய்வமெல்லாம் எங்கடை மனசுதானே, உண்மையா ஒருத்தர் இருக்கிறார் எண்டு நம்புறீங்களோ?' எண்டு கேட்டா. எல்லாரும் என்னையே பாத்தினம். இல்லை, அது சும்மா வழக்கம் எண்டிட்டன்."

"வாய்ச்சொல்தானே அக்கா. வைரவர் கோவிக்க மாட்டார்."

"அவர் பொறுப்பார்." அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நான் வெளிக்கிடேக்கை அங்கை இருந்த வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி பின்னாலை வந்தவள். தன்ரை தெய்வங்கள் உண்மையா இருக்கினம் எண்டு அவளும் நம்புறவளாம். அதைச் சொன்னால் அந்தக் கூட்டத்திலை சிரிக்கினமாம். 'நீங்களாவது ஓம் எண்டு சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்' எண்டாள்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"பஸ் வருகுது, போகவேணும் எண்டன்."

கைப்பையின் வாரை விட்டுவிட்டு அவளே சொன்னாள்:

"அப்ப பஸ் ஒண்டும் வரேல்லை."